மூன்று மைலுக்கு அப்பால்

அமெரிக்காவில் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலை 1890களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் சம்மர்லாந்து கரையில் தொடங்கியது. மரத்தாலான பாலங்களைக் கடலுக்குள் நீட்டி, அவற்றின் மேல் நின்று துளையிட்டார்கள். கடலடி நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு சூடுபிடித்தது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான். கண்டத்திட்டின் கனிம வளம் அமெரிக்காவுக்கு உரியது என்று 1945 செப்டம்பரில் அதிபர் ட்ரூமன் பிரகடனம் செய்தார். அது வெளிநாடுகளுக்குச் சொன்ன சேதி. உள்வீட்டில் மத்திய அரசும் கரையோர மாநிலங்களும் அதே நிலத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. 1947இல் கலிஃபோர்னியாவும் 1950இல் லூசியானாவும் டெக்சாஸும் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன.

இதற்கிடையே ட்ரூமன் தரப்பு லூசியானாவுடன் ஒரு சமரசத்துக்கு முன்வந்தது. கரையிலிருந்து மூன்று மைலுக்குள் கிடைக்கும் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு அப்பால் 37.5 சதவீதம் என்பது பேரம். லூசியானா அரசியலைப் பின்னாலிருந்து ஆட்டிவைத்த லியாண்டர் பெரெஸ் முழுவதும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், பேரம் முறிந்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றில் இதைவிட விலை உயர்ந்த பிடிவாதம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நீதிமன்றத்தில் தோற்றதை மாநிலங்கள் தேர்தலில் மீட்டன. 1952இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஸ்டீவன்சன் மாநிலங்களின் உரிமையை ஏற்க மறுத்தார். உடனே டெக்சாஸ் ஆளுநர் ஆலன் ஷிவர்ஸ், அதே கட்சிக்காரராக இருந்தும், எதிரணியின் ஐசனோவருக்கு வாக்குச் சேகரித்தார். டெக்சாஸ் ஐசனோவர் பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆண்டே இரண்டு சட்டங்கள் பிறந்தன. கரையை ஒட்டிய மூன்று மைல் மாநிலங்களுக்கு, அதற்கு அப்பால் மத்திய அரசுக்கு என்று அவை பிரித்தன. டெக்சாஸும் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையும் மட்டும், பழைய எல்லைகளைக் காட்டி, ஏறத்தாழ ஒன்பது கடல் மைல் பெற்றன. அவற்றில் ஒன்றான கண்டத்திட்டுச் சட்டத்தின் 12(அ) பிரிவு, குத்தகைக்கு விடப்படாத கடற்பகுதியை விலக்கிவைக்கும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்தது. விலக்கியதை மீண்டும் திறக்கலாமா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

1968 பிப்ரவரியில் சான்டா பார்பரா கால்வாய் ஏலத்துக்கு வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், வியட்நாம் போரின் செலவில் திணறிய கருவூலத்துக்கோ பணம் தேவைப்பட்டது. ஏலம் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 1969 ஜனவரி 28 அன்று யூனியன் ஆயில் நிறுவனத்தின் ‘ஏ’ மேடையில் கிணறு வெடித்தது. விதி கேட்ட ஆழத்துக்குக் காப்புக்குழாய் இறக்கப்படவில்லை. அதற்கு விலக்கு அளித்தது மத்திய அரசின் நிலவியல் அமைப்பே. எண்ணெயில் தோய்ந்த பறவைகளைத் தொலைக்காட்சி வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஓராண்டுக்குள் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் வந்தது.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் காற்று திசை மாறியது. ரீகனின் அமைச்சர் ஜேம்ஸ் வாட் ஏறக்குறைய 100 கோடி ஏக்கர் கடலை ஐந்தாண்டில் ஏலத்துக்கு வைக்கத் திட்டமிட்டார். நாடாளுமன்றம் நேரடியாகத் தடைச்சட்டம் இயற்றவில்லை. குறிப்பிட்ட பகுதிகளில் ஏல வேலைக்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று ஆண்டு நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு வரியைச் செருகியது. முதலில் கலிஃபோர்னியாவுக்கு மட்டும் இருந்த அந்த வரி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, இரு பெருங்கடற்கரைகளுக்கும் நீண்டு, 2008 வரை நின்றது. முழு மசோதாவையும் வீழ்த்தாமல் அந்த ஒரு வரியை மட்டும் அதிபரால் வெட்ட முடியாது என்பதே அதன் பலம்.

எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டிய மறு ஆண்டு, 1990 ஜூனில், மூத்த புஷ் 12(அ) பிரிவைக் கையிலெடுத்தார். கலிஃபோர்னியாவின் பெரும்பகுதியும் தெற்கு ஃபுளோரிடாவும் பத்தாண்டுக்கு மூடப்பட்டன. அவருடைய கட்சியின் பீட் வில்சன் அப்போது கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். 1998இல் கிளின்டன் தடையை 2012 வரை நீட்டினார்.

ஃபுளோரிடாவின் கதை தனி. 2000 தேர்தலில் 537 வாக்கு வித்தியாசத்தில் அதிபரை முடிவுசெய்த மாநிலம் அது. 2002இல் அதன் கடலில் எண்ணெய் நிறுவனங்கள் வைத்திருந்த குத்தகைகளை 11.5 கோடி டாலருக்குத் திரும்ப வாங்க இளைய புஷ் அரசு ஒப்புக்கொண்டது. ஆளுநரான தம்பி ஜெப் புஷ்ஷுக்கு அந்த ஆண்டு மறுதேர்தல். கலிஃபோர்னியா ஆளுநர் கிரே டேவிஸ் தம் கரையின் 36 குத்தகைகளுக்கு அதே சலுகையைக் கேட்டார், கிடைக்கவில்லை. 2006இல் மெக்சிகோ வளைகுடாவில் 83 லட்சம் ஏக்கர் திறக்கப்பட்டபோதும் ஃபுளோரிடாவைச் சுற்றி 125 மைல் மூடியே இருந்தது. லூசியானா உள்ளிட்ட நான்கு மாநிலங்களுக்கு அந்தச் சட்டம் தந்த பங்கு 37.5 சதவீதம்; பெரெஸ் உதறிய அதே எண்.

2008 ஜூலையில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. மூத்த புஷ் விதித்த தடையை இளைய புஷ் நீக்கினார்; தேர்தல் நெருங்க, நாடாளுமன்றமும் நிதி மசோதாவில் செருகிவந்த தன் தடை வாசகத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. 2010 மார்ச் 31 அன்று ஒபாமா அட்லாண்டிக்கின் ஒரு பகுதியைத் திறப்பதாக அறிவித்தார். பருவநிலை மசோதாவுக்கு எதிரணி வாக்குகளைத் திரட்டும் கணக்கும் அதில் இருந்தது. சரியாக 20 நாளில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தனர். கிணறு அடைபட 87 நாள் ஆயிற்று. டிசம்பரில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

2018 ஜனவரி 4 அன்று ட்ரம்ப் அரசு கண்டத்திட்டின் 90 சதவீதத்துக்கு மேல் திறக்கும் வரைவை வெளியிட்டது. ஐந்தாம் நாள் அமைச்சர் ஜின்கி ஃபுளோரிடா தலைநகர் டலஹாசிக்குப் பறந்து, செனட் தேர்தலுக்கு ஆயத்தமாகிவந்த ஆளுநர் ரிக் ஸ்காட் பக்கத்தில் நிற்க, அந்த மாநிலத்துக்கு விலக்கு என்று விமான நிலையத்திலேயே சொன்னார். 2020 செப்டம்பரில், தேர்தலுக்கு இரு மாதம் இருக்கையில், ட்ரம்ப்பே ஃபுளோரிடா கடலை 2032 வரை மூடினார். அதற்கு முந்தைய ஆண்டு அலாஸ்கா நீதிபதி ஒருவர், 12(அ) பிரிவின்படி அதிபரால் மூட முடியும், முன்னவர் மூடியதைத் திறக்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தார். 2025 ஜனவரி 6 அன்று பைடன் 62.5 கோடி ஏக்கரை மூடினார். 20ஆம் தேதி பதவியேற்ற அன்றே ட்ரம்ப் அதை ரத்துசெய்து கையெழுத்திட்டார்.