தும்பா முதல் குலசேகரன்பட்டினம் வரை: சிறிய ராக்கெட்டுகளின் வரலாறு

குலசேகரன்பட்டினம், தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடலோர ஊர். முத்தாரம்மன் கோயில் தசரா விழாவால் அறியப்பட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று இங்கு இந்தியாவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றே ரோகிணி-200 என்னும் சிறிய ஆய்வு ராக்கெட்டும் இங்கிருந்து ஏவப்பட்டது.

முன்வரலாறு

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், மேற்குக் கடற்கரையிலுள்ள தும்பா என்ற மீனவர் ஊரில் ராக்கெட் ஆய்வு தொடங்கியது. புவியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால் விக்ரம் சாராபாய் அவ்விடத்தைத் தேர்ந்தார். ஆனால் அங்கே புனித மரிய மகதலேனாள் தேவாலயமும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஞாயிறு வழிபாட்டில் மக்களிடம் சம்மதம் கேட்டதாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். மக்கள் இடம் தந்தனர்.

புதிய கட்டடம் எதுவும் உடனே எழவில்லை. தேவாலயமே ராக்கெட் பாகங்களைப் பொருத்தும் கூடமாகவும் அலுவலகமாகவும் ஆனது. பாகங்கள் சைக்கிளில் கொண்டு செல்லப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்கத் தயாரிப்பான நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அன்று பாரந்தூக்கியின் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு ஏற்பட்டதால், ராக்கெட்டைக் கைகளாலேயே தூக்கி நிலைப்படுத்தினர். அந்தத் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

ரோகிணி வரிசை

1967-இல் முதல் இந்திய ஆய்வு ராக்கெட்டான ரோகிணி-75 பறந்தது. பெயரிலுள்ள எண் அதன் விட்டத்தைக் குறிக்கும்: 75 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. பொம்மை போன்ற அந்த ராக்கெட்டில்தான் திட எரிபொருள் நுட்பத்தை இந்தியப் பொறியாளர்கள் பழகினர். பின்வந்த ரோகிணி-200, 200 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டு அடுக்குகளும் கொண்டது. சுமார் 70 கிலோமீட்டர் உயரம் சென்று வளிமண்டலத்தை அளக்கும். 2022 நவம்பரில் இது தொடர்ந்து 200-ஆவது முறையாக வெற்றிகரமாக ஏவப்பட்டது.

இடத்தேர்வின் காரணம்

துருவச் சுற்றுப்பாதைக்கு ராக்கெட் தெற்கு நோக்கிச் செல்ல வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே சென்றால் வழியில் இலங்கை வருகிறது. பாகங்கள் அங்கு விழக்கூடாது என்பதால் ராக்கெட் வளைந்து செல்கிறது. அதற்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. பெரிய ராக்கெட் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். சுமார் 120 டன் எடையுள்ள எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கோ, கொண்டுசெல்லும் செயற்கைக்கோளின் எடை வெகுவாகக் குறைந்துவிடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே திறந்த கடல்தான். திரவ எரிபொருள் எஞ்சின்கள் சோதிக்கப்படும் மகேந்திரகிரியும் அருகில் உள்ளது.

கடலும் மக்களும்

ஏவும் நேரத்தில் ராக்கெட்டின் பாதையிலுள்ள கடற்பகுதியில் படகுகள் இருக்கக்கூடாது. மன்னார் வளைகுடாவில் அன்றாடம் வலை வீசி வாழும் மீனவர்களுக்கு அது தொழில் இழக்கும் நாள். தும்பாவில் கட்டடத்தையும் நிலத்தையும் தந்தது ஒரு மீனவ ஊர். இங்கே ஒவ்வொரு ஏவுதலுக்கும் கடலை விட்டுத்தர வேண்டியவர்களும் மீனவர்களே.