கூட்டல் தப்பென்று சிட்டையையே மூடிய கதை

போன மாதம் கும்பகோணத்தில் அம்மாவின் பீரோவை ஒழித்தபோது ஒரு பழைய சி.டி. கிடைத்தது. மேலே என் கையெழுத்தில் "பாப்பா, 3 மாசம்". 2009ல் புனேயிலிருந்து கூரியரில் நான் அனுப்பியது. அந்தப் படங்கள் இன்று எங்களிடம் இருப்பதே இதனால்தான். அதற்குப் பின்னால் ஒரு லினக்ஸ் சரித்திரம் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆசாமி இல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

அப்பா கடையில் வரவு செலவை முதலில் சிட்டையில் எழுதுவார். ராத்திரி அதைப் பேரேட்டில் ஏற்றுவார். பாதியில் கரண்ட் போனாலும் கவலையில்லை, சிட்டையைப் பார்த்து மறுநாள் முடித்துவிடலாம். லினக்ஸில் 2001ல் வந்த ஈஎக்ஸ்டி3 ஃபைல் சிஸ்டம் செய்ததும் இதேதான். அதன் சிட்டைக்கு ஜர்னல் என்று பெயர்.

சரி, சிட்டையிலேயே பிழை இருந்தால்? 2005ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விஜயன் பிரபாகரனும் சக ஆய்வாளர்களும் 'அயர்ன் ஃபைல் சிஸ்டம்ஸ்' என்ற கட்டுரையில் வழி சொன்னார்கள். ஜர்னலில் எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு செக்சம், அதாவது கூட்டிப் பார்க்கும் எண், சேர்த்துவிடுவது. அடுத்து வந்த ஈஎக்ஸ்டி4 2008 டிசம்பரில், 2.6.28 கெர்னலில், சோதனைக் கட்டத்தைத் தாண்டியது. அதில் இந்த வசதி உண்டு, ஆனால் கேட்டால்தான் வேலை செய்யும். 2009 செப்டம்பரில், 2.6.32க்கான வேலையின்போது, அதை எல்லோருக்கும் தானாகவே இயங்கும்படி மாற்றினார்கள்.

அப்போது எனக்கு ஆபீசில் கெர்னல் சோதிக்கும் வேலை. அசட்டு தைரியத்தில் வீட்டு மெஷினிலும் அதே சோதனைக் கெர்னலைப் போட்டிருந்தேன். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. டிஸ்க் முழுக்கப் பிழை. சரிபார்க்கும் புரோகிராமை ஓட்டியதும் பாப்பாவின் படங்கள் பேரில்லாத துண்டுகளாக ஒரு மூலையில் கிடந்தன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இதே போன்ற புகார் கெர்னல் பக்ஸில்லாவில் 14354ஆம் எண்ணில் பதிவாகியிருந்தது. பலர் சேர்ந்து அலசினார்கள். ரெட் ஹாட்டின் எரிக் சாண்டீன் தன் ஊகம் என்றே சொல்லி முன்வைத்த விளக்கம் இது. கரண்ட் போகும்போது கடைசிப் பதிவு பாதியில் நிற்கும், அதன் கூட்டல் பொருந்தாதது இயல்பே. அந்த ஒன்றைத் தள்ளிவிட்டு முந்தைய பதிவுகளை ஏற்றவேண்டும். ஆனால் கெர்னல் பொருந்தாத கூட்டலைக் கண்டதும் ஜர்னலைத் தேடுவதையே நிறுத்திவிட்டால், மீட்பு வேலையே நடக்காது. கடைசி வரியில் கூட்டல் தப்பென்று கணக்குப்பிள்ளை சிட்டையையே மூடி வைத்த மாதிரி!

அவர் கேட்டுக்கொண்டபடி, 2009 நவம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். வசதியை அழிக்கவில்லை, பழையபடி கேட்டால் மட்டும் என்று ஆக்கினார். டிசம்பரில் 2.6.32 வெளியானது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் 6, டெபியன் 6, உபுண்டு 10.04 மூன்றும் அந்தக் கெர்னல்மேல்தான் நின்றன. பிழை அப்படியே போயிருந்தால் எத்தனை வீட்டுப் படங்கள், எத்தனை ஆபீஸ் கணக்குகள்!

யோசனை தப்பில்லை, அவசரம்தான் தப்பு. 2012ல் 3.5 கெர்னலில் ஃபைல் சிஸ்டத்தின் உள்விவரங்களுக்கும் செக்சம் வந்தது. 2018 முதல் புதிதாக உருவாக்கும் ஈஎக்ஸ்டி4ல் அது தானாகவே இயங்குகிறது. பொறுமையாக வந்ததால் நிலைத்தது.

ஒரு வசதியை அணைப்பது தோல்வி என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். சந்தேகம் வந்தவுடன் அணைத்துவிட்டு அப்புறம் நிதானமாகக் காரணம் தேடுவதும் வேலைதான் என்று அன்று புரிந்தது.

பி.கு: பாப்பாவுக்கு இப்போது அந்த சி.டி.யைக் காட்டினால், "இது என்னப்பா?" என்கிறாள். உங்கள் வீட்டுப் படங்களுக்கு ஊரில் ஒரு பிரதி இருக்கிறதா?