செப்புக் காசின் நிலை

நாணயச் சேகரிப்பில் நிலை என்பது இரண்டு செய்திகளைச் சொல்லும்: காசு புழக்கத்தில் எவ்வளவு தேய்ந்தது, வேறு என்ன சேதம் கண்டது. இரண்டையும் தனித்தனியே எழுதுவதே நேர்மையான விவரிப்பு.

சென்னை மாகாணத்துக்கென 1808இல் பர்மிங்காமின் சோஹோ ஆலை அடித்த பத்து காசு, இருபது காசு நாணயங்கள் இதற்குச் சிறந்த சான்று. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தும் மதிப்பும். இவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து ஏராளமான காசுகள் மீட்கப்பட்டன. எந்தச் சந்தையிலும் புழங்காதவை என்பதால் அவற்றில் தேய்மானம் இல்லை; ஆனால் உப்புநீர் பலவற்றின் முகத்தை அரித்துவிட்டது. அத்தகைய காசைப் 'புழங்காதது' என்று மட்டும் எழுதுவதும் தவறு, 'பழுது' என்று ஒதுக்குவதும் தவறு.

அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்று பரவலாகப் பயன்படுகிறது. 60உம் அதற்கு மேலும் பெற்றவை புழங்காதவை. சேகரிப்பாளர் பேச்சில் 'யுஎன்சி'. மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்தது 'எக்ஸ்எஃப்'. மிதமாகத் தேய்ந்தும் நுண்கோடுகள் பலவும் தெரிந்தால் 'விஎஃப்'. எழுத்தும் உருவமும் தெளிவாக இருந்து நுணுக்கம் மழுங்கியது 'ஃபைன்'. கம்பெனிக் காசில் தேய்மானத்தைச் சின்னத்தின் மேடான பகுதிகளில் முதலில் பார்க்க வேண்டும்.

துளை, விளிம்பு நசுங்கல், கீறல், அரிப்பு ஆகியவை தரத்தோடு சேர்த்துக் குறிக்க வேண்டியவை. 

செம்புக்குப் பெரிய பகை, பளபளப்பாக்கும் ஆசை. புளி போட்டுத் தேய்த்தால் களிம்போடு இயற்கையான பழுப்புப் படலமும் போய்விடும், அது திரும்பாது. எண்ணூர் நெட்டுக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் குளோரைடு அரிப்பு தொடர்கிறது என்று பொருள். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடுவதால் அவற்றைத் தவிர்த்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுவது நல்லது.

முழுமையான குறிப்பு இப்படி அமையும்: 'இருபது காசு, 1808, சோஹோ, புழங்காதது, இருபக்கமும் கடல்நீர் அரிப்பு, விளிம்பில் அடி இல்லை, தேய்த்துத் துலக்கிய தடம் இல்லை.'