கியர் சைக்கிளா, பார் சைக்கிளா? புதுக்கோட்டை சொன்ன பதில்

கணக்குப் பதிவியல் படிக்கிறவனுக்கு சைக்கிள் வரலாற்றில் என்ன வேலைன்னு கேட்காதீங்க. காரணம் இருக்கு.

எங்க தெருவுக்குப் பக்கத்துல ஒரு மாலை நேர டியூஷன் சென்டர் நடக்குது. ஷூ கம்பெனியில் வேலை செய்யற அம்மாக்களோட பிள்ளைங்க தான் பெரும்பாலும் வருவாங்க. இந்த வருஷம் அதற்கு வாடகை கட்டப் பணம் இல்லை. அதனால் நாங்க நாலு பேர் ஆம்பூரிலிருந்து சைக்கிளில் கிளம்பி, வேலூர், போளூர், திருவண்ணாமலை, உளுந்தூர்பேட்டை, திருச்சி வழியா புதுக்கோட்டை வரைக்கும் போய், கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு தெரிஞ்சவங்க கிட்ட நன்கொடை வாங்கலாம்னு முடிவு பண்ணோம். சுமார் 400 கி.மீ. நாலு நாள்.

முதல் சண்டையே எந்த சைக்கிள் என்பதில் தான். எனக்கு 21 கியர் வண்டி மேல ஆசை. விலை 28,000 ரூபாய். நாங்க திரட்ட நினைச்சதே 60,000. பி.காம் படிக்கிறவன் இந்தக் கணக்கைப் போடாம விட முடியுமா? ஒரே ஒரு வண்டி வாங்கினாலே கிட்டத்தட்ட பாதிப் பணம் காலி. தேய்மானம் தனி!

சரி, நமக்கு முன்னாடி நெடுந்தூரம் போனவங்க எதை எடுத்துட்டுப் போனாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்சது தான் இந்தக் கட்டுரை.

முதலில் டெர்வ்லா மர்பி. அயர்லாந்துக்காரர், 1931-ல் பிறந்தவர். பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலக வரைபடப் புத்தகமும் பரிசாக் கிடைச்சது. அப்பவே இந்தியாவுக்கு சைக்கிளில் போவதுன்னு தீர்மானிச்சுட்டார். 1963 ஜனவரியில், ஐரோப்பாவே பனியில் உறைஞ்சு கிடந்த நேரத்தில் கிளம்பினார். ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியா அதே வருஷம் டெல்லி வந்து சேர்ந்தார். அவர் ஓட்டினது ஆர்ம்ஸ்ட்ராங் கேடட் என்ற ஆண்கள் சைக்கிள். அதில் கியர் இருந்தது. கிளம்பும் முன்னாடியே அதைக் கழற்றிப் போட்டுட்டார்! ஆசியாவின் சாலைகளுக்கு அந்த கியர் தாங்காது என்பது அவர் கணக்கு. பயணம் முடிஞ்சதும் அவர் நேரா ஊருக்குத் திரும்பலை. தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகள் முகாமில் வேலை செய்யப் போனார். 2022-ல் தான் காலமானார்.

இதைப் படிச்சதும் என் 21 கியர் கனவுல முதல் பஞ்சர்.

ரெண்டாவது கதை நம்ம தமிழ்நாட்டுக் கதை. எங்க பயணம் முடியற ஊரிலேயே நடந்தது.

1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-ல் கேரளாவின் எர்ணாகுளம் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கு அறிவொளி இயக்கமாக வந்தது. புதுக்கோட்டையில் 1991-ல் ஆரம்பிச்சாங்க. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். சம்பளம் இல்லாத தொண்டர்கள் தான் இயக்கத்தின் முதுகெலும்பு. கற்க வந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அதனால் சொல்லித் தரவும் பெண்கள் ஊர் ஊராப் போக வேண்டியிருந்தது. பஸ் எப்போ வரும்னு தெரியாது, பல ஊருக்கு பஸ்ஸே கிடையாது. வழி? சைக்கிள்.

இதில் கலெக்டர் செய்த முக்கியமான காரியம் ஒன்று இருக்கு. சைக்கிளைத் தொண்டர்களுக்கு மட்டும்னு நிறுத்தலை. எழுத்துக் கற்பது போல சைக்கிள் கற்பதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாவே ஆக்கிட்டார். தானா ஒரு இடத்துக்குப் போய் வர முடியாதவளுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகளையும் நெருக்கினார். கிராமங்களில் பயிற்சி முகாம்கள் நடந்தன. கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாரும் வந்தாங்க. 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்து அசத்தினாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவா எழுதியிருக்கார். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க என்பது அவர் தரும் கணக்கு.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். அவங்க எந்த சைக்கிளைத் தேர்ந்தெடுத்தாங்க?

பெண்கள் சைக்கிளுக்குத் திடீர்னு ஏகப்பட்ட கிராக்கி. ஒரே வருஷத்தில் விற்பனை 350 சதவீதம் கூடியதுன்னு ஒரு கடைக்காரர் சாய்நாத்திடம் சொல்லியிருக்கார். காத்திருக்கப் பொறுமை இல்லாத பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினாங்க. அதுவும் வேண்டா வெறுப்பா இல்லை. நிறைய பேருக்கு அது தான் பிடிச்சிருந்தது. காரணம் ரொம்ப எளிது. ஆண்கள் சைக்கிளில் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரைக்கும் ஒரு பார் இருக்கும். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னாடி கேரியரில் தண்ணிக் குடமோ, சந்தைக்குப் போற சரக்கோ.

இங்கே தான் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சுட்டேன். நான் வண்டியைப் பார்த்தப்போ எடை எவ்வளவு, கியர் எத்தனை, என்ன கலர்னு தான் பார்த்தேன். அவங்க பார்த்தது யாரை ஏத்திக்கிட்டுப் போகணும் என்பதை.

அந்தப் பழைய பார் வண்டியும் லேசுப்பட்டதில்லை. 28 அங்குல சக்கரம், கம்பி பிரேக், சுமார் 20 கிலோ எடை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கம் உருவான ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளின் வாரிசு. முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸை நம்ம ஊர் வண்டியாக்கிட்டாங்க. இந்த வகை வண்டியின் சக்கரத்தை எண்ணிப் பாருங்க. வழக்கமா முன்னாடி 32 போக்ஸ் கம்பி, பின்னாடி 40 இருக்கும். சுமை பின்னாடி தானே ஏறுது! சுமை தூக்கவே பிறந்த வண்டி. அந்தக் காலத்துல தோல் சீட் வேற. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட ஊர்ப் பக்கம் பிறந்த எனக்கு அது போனதுல ஒரு சின்ன வருத்தம் உண்டு :-)

கியர் வண்டி மோசம்னு நான் சொல்லவே இல்லை. ஏலகிரி ஏறணும்னா பார் வண்டியைத் தள்ளிக்கிட்டுத் தான் போகணும். ஆனா எங்க வழியில் அப்படி ஒரு மலை ஏற்றம் கிடையாது. நாங்க கேட்க வேண்டிய கேள்வி வேற. கடைசியா எங்க தெரு சைக்கிள் கடை பாய் கிட்ட போனேன். அவர் ஒரே வரியில் முடிச்சுட்டார்: "தம்பி, திருக்கோவிலூர்ல இந்த கியர் உடைஞ்சா எவன்ட்ட போவ? பார் வண்டின்னா பஞ்சர் கடை இருக்கிற ஊரெல்லாம் உனக்கு சர்வீஸ் சென்டர் தான்." டெர்வ்லா மர்பி 1963-ல் போட்ட அதே கணக்கு!

வீட்டில் அம்மா கிட்ட புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவங்க. தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக ஓடுறவங்க. கேட்டுட்டு, "எங்களுக்கும் யாராச்சும் கத்துக் குடுத்திருந்தா, பஸ்ஸ விட்ட அன்னிக்கெல்லாம் சம்பளம் போயிருக்காது"ன்னாங்க. அப்புறம் அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

முடிவு இது தான். பாய் கடையில் நாலு பழைய பார் வண்டி பார்த்திருக்கோம். ஒண்ணு 2,500 ரூபாய். பால்ரஸ், செயின், டயர் எல்லாம் புதுசா மாத்த வண்டிக்கு 1,500. ஆக மொத்தம் 16,000. இதை எங்க கையிலிருந்து போடறோம், நன்கொடையில் ஒரு ரூபாய் கூட வண்டிக்குப் போகாது. பயணம் முடிஞ்சதும் நாலு வண்டியையும் டியூஷன் சென்டருக்கே கொடுத்துடுவோம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற அம்மாக்களில் யாருக்கு விருப்பமோ அவங்க அங்கேயே ஓட்டிப் பழகலாம். பொங்கல் முடிஞ்சு கிளம்பறோம்.

முதல் ஆளா எங்க அம்மா பேரை எழுதி வச்சிருக்கேன். அவங்க கிட்ட இன்னும் சொல்லலை.