பதினேழு வயதில் பட்டறைக்குள்: ரயில்வேயின் ஸ்பெஷல் கிளாஸ் அப்ரண்டிஸ்கள்

ஆர்ச்வே ரோடு முருகன் கோயிலில் பார்த்த நண்பர் ஒருவர் வருத்தத்தில் இருந்தார். பள்ளி முடித்த மகன், பல்கலைக்கழகம் வேண்டாம், ரயில் துறையில் அப்ரண்டிஸாகச் சேரப் போகிறேன் என்கிறானாம். "பட்டறையில கிரீஸ் பூசவா இவனைப் படிக்க வச்சேன்?" என்றார். அவருக்குச் சொன்ன கதைதான் இது.

ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வை அறியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. அதைவிட மிகக் குறைந்த இடங்களுக்கு இந்தியாவில் இன்னொரு தேர்வு நடந்து வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை நேராக ரயில்வே பட்டறைக்குக் கொண்டுபோய், இயந்திரப் பொறியாளராகவும் அதிகாரியாகவும் ஆக்கிய திட்டம் அது. பெயர் ஸ்பெஷல் கிளாஸ் ரயில்வே அப்ரண்டிஸ்; சுருக்கமாக எஸ்.சி.ஆர்.ஏ.

பீகாரில் முங்கேர் அருகே உள்ளது ஜமால்பூர். கிழக்கிந்திய ரயில்வே 1862இல் இங்கே பட்டறை அமைத்தது. 1888இல் அதனுடன் ஒரு தொழிற்பள்ளி சேர்ந்தது. 1899இல் 'லேடி கர்சன்' என்ற நீராவி எஞ்சினை இங்கேயே கட்டினார்கள். ஆனால் மேலதிகாரிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்களே. ரயில்வே உயர்பதவிகளில் இந்தியர்களைக் கூடுதலாகச் சேர்க்க 1924இல் லீ கமிஷன் பரிந்துரைத்தது. 1927இல் ஸ்பெஷல் கிளாஸ் அப்ரண்டிஸ் பயிற்சி தொடங்கியது.

பிற்காலத்தில் தேர்வை நடத்தியது யு.பி.எஸ்.சி. வயது 17 முதல் 21. பொதுத்திறன், இயற்பியலும் வேதியியலும், கணிதம் என மூன்று தாள்கள், தலா 200 மதிப்பெண். பிறகு நேர்காணலுக்கு 200. நாடு முழுவதிலுமிருந்து எழுதுபவர்களில் சில பத்துப் பேருக்குத்தான் இடம்.

தேறியவர்கள் 'ஜிம்கானா' எனப்படும் விடுதியில் தங்கி, உதவித்தொகையுடன் நான்காண்டு பயின்றார்கள். வகுப்பும் உண்டு, பட்டறையும் உண்டு. நாளை தனக்குக் கீழே வேலை செய்யப் போகும் ஃபிட்டரிடமே இன்று தொழில் கற்க வேண்டும். இந்தத் திட்டத்தின் உயிர் இதுதான் என்பது என் எண்ணம்.

நெடுங்காலம் இதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. லண்டனிலுள்ள இயந்திரப் பொறியாளர் நிறுவனத்தின் தேர்வுகளை எழுதித் தகுதி பெற்றார்கள். ஜார்ஜ் ஸ்டீஃபன்சனை முதல் தலைவராகக் கொண்டு 1847இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கட்டிடம் பேர்ட்கேஜ் வாக்கில் இருக்கிறது. ஆர்ச்வேயில் நார்தர்ன் லைன் பிடித்தால் அதிக தூரமில்லை. 2003இல் மெஸ்ராவிலுள்ள பிர்லா தொழில்நுட்ப நிறுவனத்துடன் ஒப்பந்தமாகி, பொறியியல் பட்டமும் கிடைக்கத் தொடங்கியது.

ரயில்வே வாரியத் தலைவராக இருந்த அஷ்வனி லோஹானியும், 2002 முதல் 2015 வரை ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் தலைவராக இருந்த ஆர்.கே.பச்சௌரியும் ஜமால்பூரில் பயின்றவர்களே.

நம்மூர் பொன்மலை, பெரம்பூர் பட்டறைகளில் பயிலும் 'ஆக்ட் அப்ரண்டிஸ்'களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃபிட்டர், வெல்டர் போன்ற தொழில்களுக்கான பயிற்சி. முடித்ததும் வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. ஒரே பட்டறைதான். ஒரு வாசல் அதிகாரி நாற்காலிக்குப் போனது. இன்னொன்றின் முன்னே இன்றும் வேலை கேட்டு நிற்கிறார்கள்.

2015இல் நடந்ததே கடைசி எஸ்.சி.ஆர்.ஏ. தேர்வு. பட்டம் பெற்ற பொறியாளர்கள் வேறு தேர்வு வழியாக ஏராளமாகக் கிடைக்கும்போது தனித் திட்டம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பட்டறையில் கழிந்த அந்த நான்காண்டை எந்தத் தேர்வும் ஈடுசெய்யாது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2015இல்தான் இங்கிலாந்தில் 'டிகிரி அப்ரண்டிஸ்' முறை வந்தது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம், படிப்புக் கட்டணம் மாணவன் தலையில் இல்லை, சம்பளமும் உண்டு.

முதுகலைப் பொறியியல் படித்து, கணிப்பொறி முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு லேத்தில் ஒரு போல்ட் கடையத் தெரியாது. இதையும் நண்பரிடம் சொன்னேன். சிரித்தார். மகனுடன் இன்னொரு முறை பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.