ஓரூரில் இரு பள்ளிகள்

ஒரு நாட்டின் நீதியை அளந்தறிய விரும்புவோர் அந்நாட்டின் சட்டநூல்களைப் புரட்டுவது வழக்கம். நாட்டுப்புறப் பள்ளிக்கூடங்கள் இரண்டை அருகருகே நிறுத்திப் பார்த்தாலும் அந்த நீதி விளங்கிவிடும் என்பது என் கருத்து. அமெரிக்க வரலாற்றில் அத்தகைய ஒப்பீடு ஒன்று உண்டு. அதனையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், பார்ம்வில் என்னும் சிற்றூர் இருக்கிறது. பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தின் தலைமையிடம் அதுவே. புகையிலை பயிரிட்டு வாழ்ந்த உழவர் நாடு அது. 1951ஆம் ஆண்டில் அவ்வூரில் மக்களின் வரிப்பணத்தால் நடந்த உயர்நிலைப் பள்ளிகள் இரண்டு இருந்தன. வெள்ளையர் பிள்ளைகளுக்குப் பார்ம்வில் உயர்நிலைப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்கு மோட்டன் உயர்நிலைப் பள்ளி. இனத்தால் பிரித்து வைத்தாலும், வசதிகள் சமமாக இருப்பின் அது சட்டத்திற்கு முரணன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் கூறியிருந்தது. அந்தச் சமத்துவம் பார்ம்வில்லில் எவ்வாறு விளங்கிற்று என்பதைப் பாருங்கள்.

முன்னதில் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது, உணவுக்கூடம் இருந்தது, நோயுற்ற பிள்ளையைக் கிடத்த அறை இருந்தது. பின்னதில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. 1939இல் 180 மாணவர்களுக்கெனக் கட்டிய மோட்டன் பள்ளியில் 450 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு படித்தார்கள். இடம் போதாதபோது, மரச்சட்டங்களின்மேல் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளை எழுப்பிக் கொடுத்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பருகே இருப்பவர் வேர்க்க, தொலைவில் இருப்பவர் மேலங்கியோடு நடுங்குவர். வெள்ளையர் பள்ளிகளில் கற்பித்த பௌதிகமும், உலக வரலாறும், இலத்தீனும் இங்கே கற்பிக்கப்படவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதென்று நாம் சொல்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1951 ஏப்ரல் 23ஆம் நாள், பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி மேடையேறிப் பேசினாள். மாணவர் அனைவரும் வகுப்பைவிட்டு வெளியேறினர். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. அவர்கள் கேட்டது நல்ல கட்டிடம் ஒன்றே. உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் ஒரு நிபந்தனை விதித்தனர்: சமமான கட்டிடம் கேட்டு வழக்காட மாட்டோம், பிரித்து வைக்கும் முறையையே எதிர்ப்பதானால் வருகிறோம் என்றனர். பெற்றோர் இசைந்தனர். அதற்கு விலையும் கொடுத்தனர். தலைமையாசிரியர் வேலை இழந்தார். பார்பரா, பாதுகாப்புக் கருதி, அலபாமாவிலிருந்த, தந்தையின் உடன்பிறந்தவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

1952இல் ரிச்மண்டு நீதிமன்றம் இரு பள்ளிகளையும் ஒப்பிட்டு நோக்கிற்று. கட்டிடத்திலும், பாடத்திலும், ஊர்தி வசதியிலும் ஏற்றத்தாழ்வு உண்டென்று ஒப்புக்கொண்டது. அதனைச் சமன்செய்யவும் ஆணையிட்டது. ஆயினும் பிரிவினை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 1953இல் கறுப்பின மாணவர்க்குப் புதிய கட்டிடமும் எழுந்தது. இங்கேதான் இந்த வரலாற்றின் உயிர்நிலை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். செங்கல்லும் சுண்ணாம்பும் சமமாகிவிட்ட பிறகும், உன்னோடு என் பிள்ளை அமராது என்ற சொல் அப்படியே நின்றது. அச்சொல்லை எந்த அளவுகோலால் அளப்பது? 1954 மே 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கையும், கேன்சஸ் முதலிய இடங்களிலிருந்து வந்த வழக்குகளையும் ஒருசேர ஆராய்ந்து, கட்டிடங்கள் சமமாயினும் பிரித்துவைத்தலே சமமின்மை என்று விடை கூறிற்று.

கதை அத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பிரின்ஸ் எட்வர்டு மாவட்ட ஆட்சிக்குழு, இரு இனப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்துவதைவிடப் பள்ளியே இல்லாதிருப்பது மேல் என்று முடிவு செய்தது. 1959இல் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. பொதுப்பள்ளிகள் அனைத்தும் பூட்டப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுள் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குச் சென்று படித்தனர். பலர் ஆண்டுக்கணக்கில் எழுத்தையே மறந்திருந்தனர். 1963 செப்டம்பரில்தான் நன்கொடையால் நடந்த இலவசப் பள்ளிகள் திறந்தன. 1964இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னரே பொதுப்பள்ளிகளின் கதவுகள் திறந்தன. பத்து வயதில் பள்ளியை இழந்த சிறுவன் ஒருவன் பதினைந்து வயதில் திரும்பி வந்தால், இடைப்பட்ட ஐந்தாண்டுகளை அவனுக்கு எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

பழைய மோட்டன் பள்ளி 1998இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, பின்னர் அருங்காட்சியகமாயிற்று. கல்வி இழந்தோருக்கென 2004இல் வர்ஜீனியா சட்டமன்றம் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. அப்போது அவர்கள் நடுவயதைக் கடந்திருந்தனர். வாஷிங்டனில், நாட்டின் சட்டமன்ற மாளிகையில், வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலை 2020இல் அகற்றப்பட்டது. அவ்விடத்திற்குப் பார்பரா ஜான்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பள்ளிகளை ஒப்பிடும்போது நாம் அறைகளை எண்ணுகிறோம், நூல்களை எண்ணுகிறோம். எண்ணவேண்டியதுதான்; ஒழுகும் கூரையின்கீழ் உட்கார்ந்த பிள்ளைக்கு அது சிறிய செய்தியன்று. ஆயினும் அவ்விரண்டு பள்ளிகளையும் பிரித்து நிறுத்தியவர் யார், எதற்காக நிறுத்தினர் என்ற கேள்வியையும் உடன் கேட்கவேண்டும். பார்ம்வில் மாணவர்கள் கட்டிடம் கேட்கப் புறப்பட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அவர்களுடைய பெருமை அதுவே.