வாவிக்கரையிற் பாண்: ஏக்கமும் வரலாறும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை நோக்குவோர், அங்கு நெல்லே எல்லாமாக இருக்கக் காண்பர். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ முதலாய நூல்கள் வழியாக நாம் அறியும் சமூகம் குடிகளும் கோயிலுரிமைகளும் வயல்களும் போடியாரும் கொண்ட சமூகமாகும். அது பொய்யன்று. எனினும் நகரத்துக் கூலித் தொழிலாளியும் பாடசாலைப் பிள்ளையும் காலையில் உண்ணும் பாண் அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. பாணைப் பற்றி எழுதுவோர் இப்பொழுது உளர். ஆனால் அவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஏக்கமே. சிறுவயதுப் பேக்கரியின் மணம், கடதாசியிற் சுற்றிய சூடான அரை றாத்தல், அதே சுவையைத் தம் வீட்டுக் குசினியில் மீட்டெடுக்கும் முயற்சி ஆகியன உள்ளூரிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் நினைவுக் கட்டுரைகளின் வழக்கமான பொருள்களாகிவிட்டன. இவ்வேக்கத்தை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. அது எதற்கான ஏக்கம் என்று வினாவுதலே நோக்கம்.

பாண் என்பது போர்த்துக்கேயச் சொல் என்பதை யாவரும் அறிவர். அதனைச் சுடும் போறணையும் சுடுமிடமாகிய குசினியும் விசுக்கோத்தும் அவ்வழி வந்தனவே. 1628 இல் புளியந்தீவிலே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் 1638 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்தம் மொழியின் வழிவந்த கலப்புமொழியை மட்டக்களப்புப் பறங்கியரிற் சிலர் இன்றும் பேசுகின்றனர். ஆயின் சொல் தங்கியமையால் உணவும் அக்காலந்தொட்டே பொதுமக்களின் உணவாயிற்று என்று கொள்ளுதல் பொருந்தாது. மாவைப் புளிக்கவைக்கும் அறிவு எம்மவரிடம் முன்னரே இருந்தது. கள் விட்டுப் புளித்த அப்பமா அதற்குச் சான்று. கோவாவிலே போர்த்துக்கேயரின் ரொட்டியும் கள்ளினாலேயே பொங்கியது. இல்லாதிருந்தது கோதுமை. இந்நாட்டில் விளையாத ஒரு தானியம் அன்றாட உணவாவதற்கு, அதனை மலிவாகக் கொண்டுவந்து கொட்டும் ஆற்றலொன்று வேண்டும். விடியுமுன் வேலைக்குச் செல்வதால் சமைக்க நேரமற்ற கூலியுழைப்பாளர் வர்க்கமும் வேண்டும்.

இரண்டாவது கூறிய வர்க்கம் துறைமுகம், தெரு, புகையிரதம் ஆகியவற்றோடு குடியேற்ற ஆட்சியிலே தோன்றியது. மட்டக்களப்புக்குப் புகையிரதம் 1928 இல் வந்தது. முதலாவது ஆற்றலின் கதை சுதந்திரத்திற்குப் பிந்தியது. அது சற்று விரிவாக நோக்கப்பட வேண்டியது. 1942 இல் யுத்தகாலத் தேவையாகத் தொடங்கிய அரிசிப் பங்கீடு, மலிவு அரிசியை மக்களின் உரிமையாக்கிவிட்டது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். ஆளும் வர்க்கம் இதிலிருந்து பாடம் கற்றது. அரிசியைக் குறைப்பதாயின் வயிற்றை வேறொன்றால் நிரப்ப வேண்டும். 1954 இல் அமெரிக்கா இயற்றிய 480 ஆம் இலக்கச் சட்டம், தன் நாட்டில் விற்க முடியாது குவிந்த தானியத்தை ‘உதவி’யாக ஏற்றுமதி செய்ய வழிவகுத்தது, இலங்கையும் அத்திட்டத்தின்கீழ் மாவைப் பெற்றது. ஈழத்துத் தமிழ்ப் பேச்சிலே கோதுமை மாவுக்கு ‘அமெரிக்கன் மா’ என்று பெயர் வழங்கியது தற்செயலன்று. பொருளியல் நூல்கள் மறைத்ததை மக்கள் ஒரு பெயரடையிற் சொல்லிவிட்டனர். 1966 டிசம்பரிலே பங்கீட்டரிசி இரண்டு கொத்திலிருந்து இலவசமாக வழங்கப்படும் ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. அந்த இடைவெளியிலே பாண் புகுந்தது.

இதன் முரண்பாடு 1973, 1974 ஆம் ஆண்டுகளில் முற்றியது. உலகச் சந்தையிற் கோதுமை விலை பன்மடங்கு ஏற, விடியுமுன்னரே பேக்கரி வாசல்களில் வரிசைகள் நின்றன. அதே வேளையில் நெல்லும் அரிசியும் அனுமதியின்றிப் பிரதேசம் விட்டுப் பிரதேசம் செல்லலாகாது என்று தடைவிதிக்கப்பட்டது. நெல் விளையும் மாவட்டம் ஒன்றின் நகரத்தார் அந்நிய மாவுக்காகக் காத்துநின்றனர் என்பதை வெறும் நிருவாகக் குளறுபடியாக நாம் கொள்ளோம். பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. சிங்கப்பூர் மூலதனத்தின் பிறீமா ஆலை 1980 இல் திருகோணமலையிலே அரைக்கத் தொடங்கியது. தங்குதடையற்ற துறைமுகம் என்று புகழப்பட்ட கிழக்கின் கடல்வாய், கோதுமைக் கப்பல்களின் வாயிலாயிற்று.

பேக்கரியின் உள்ளே செல்வோம். மூலதனத்தின் முதற்பாகத்திலே ‘வேலைநாள்’ பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ் இலண்டன் ரொட்டித் தொழிலாளரின் நிலையை விரித்துரைப்பார். அவர்தம் வேலை இரவு பதினொரு மணியளவிலே தொடங்கியது. 1871 இல் பாரிஸ் கொம்யூன் இத்தொழிலில் இரவு வேலையை ஒழித்தது. 1925 இல் சர்வதேசத் தொழில் தாபனம் அதற்கென ஓர் உடன்படிக்கையே வகுத்தது. கசான் நகரப் பேக்கரியில் உழைத்த கோர்க்கி, 1899 இல் வெளிவந்த ‘இருபத்தாறு ஆண்களும் ஒரு பெண்ணும்’ கதையில் நிலவறையிலே மாப்பிசையும் மனிதரைக் காட்டினார். எமது முற்போக்கு வாசகர் அக்கதையை அறிவர். ஆனால் தம் தெருமுனைப் போறணையைப் பற்றி அத்தகைய கதையொன்றை எம் இலக்கியத்தில் தேடி நாம் சலித்துள்ளோம். நினைவுக் கட்டுரைகள் விடியற்காலை மணத்தோடு தொடங்குகின்றன. அம்மணம் எழுவதற்கு முன் மாப்பிசைந்து, பொங்கவிட்டு, தணலை வாரி, போறணை வாயில் நின்றவனது இரவு அவற்றில் இல்லை. வடக்குக் கிழக்கு நகரங்களில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், இத்தொழிலில் தென்னிலங்கைச் சிங்களவர் முக்கிய இடம் பெற்றிருந்தமையும், 1977 இலும் 1983 இலும் இனவன்செயல்களின் பின்னர் அவ்வுறவுகள் அறுந்தமையும் ஏக்கத்தின் பட்டியலில் அரிதாகவே சேர்கின்றன.

எமது தலைமுறையினரின் ஏக்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் 2007 வரை, வாவி ஓர் எல்லையாயிற்று: நகர் அரச படையிடம்; படுவான்கரை விடுதலைப் புலிகளிடம். படுவான்கரையிலிருந்து சைக்கிளில் விறகு கட்டி நகருக்கு வந்தோர், அதனை விற்ற காசிற் பொருள் வாங்கி மீண்டனர். எவ்வெப்பொருளை எவ்வளவு கொண்டு செல்லலாம் என்பதைச் சோதனைச் சாவடி தீர்மானித்தது. அவ்வாறு மீளும் சைக்கிள்களின் பின்னால் தொங்கிய பாணை நாம் சிறுவராகக் கண்டிருக்கிறோம். விறகு போறணைக்குப் போயிற்று. பாண் வாவியைக் கடந்து வந்தது. பாண் வந்த நாள் பாதை திறந்த நாள். அதன் மேற்றோல் கருகியிருந்ததா, உள்ளே புளித்திருந்ததா என்று எவரும் ஆராயவில்லை. ஆகவே நம்மவர் ‘அந்தச் சுவை இன்று இல்லை’ என்னும்போது அவர்தம் நாவை நாம் முழுதாக நம்புவதற்கில்லை. மண்முனைத் துறைக்கு 2014 இல் பாலம் வந்துவிட்டது; சுவைக்குக் காரணமாயிருந்த தடை நீங்கிற்று. பசித்தவன் கண்ட சுவையை ஈஸ்டாலும் அடுப்புச் சூட்டாலும் மீட்க இயலாது.

வீட்டுப் பாண் இங்கு பொழுதுபோக்காகவும் பரவவில்லை. 2020 இன் ஊரடங்கிலே அது ஓரளவு புதுமையாக இருந்திருக்கலாம். 2022 இல் நிலைமை வேறு. முதலாண்டில் இரசாயனப் பசளைத் தடையால் நெல் விளைச்சல் வீழ்ந்திருந்தது. நாணய வீழ்ச்சியால் மாவின் விலை ஏறியது. எரிவாயு இன்றிப் பேக்கரிகள் மூடப்பட்டன. பீத்தோவனின் மெட்டை ஒலித்தவாறு ஒழுங்கைகளில் வரும் பாண் முச்சக்கரவண்டிகள் எரிபொருளின்றி நின்றன. நெல்லும் கோதுமையும் ஒருங்கே கைவிட்ட அக்காலத்திலே, மாவு கிடைத்த வீடுகளில் பெண்கள் அலுமினியச் சட்டியில் மாவை வைத்து, கீழே விறகும் மூடியின்மேல் சிரட்டைத் தணலுமாகப் பாண் சுட்டனர். அப்பமா புளிக்கவைத்துப் பழகிய கைகளுக்கு அது பெரும் வித்தையன்று; ஆனால் பிசைந்து, பொங்கக் காத்திருந்து, தணல் மாற்றி இறக்க அரைநாள் சென்றது. பேக்கரியிற் கூலி பெற்ற உழைப்பு குசினியிற் கூலியற்ற உழைப்பாக மாறியமையை அக்காலத்து ‘தன்னிறைவு’ப் பேச்சுகளில் எவரும் சுட்டவில்லை. எமது அயலில் இவ்வாறு சுட்ட பெண்களுட் சிலர், நெருக்கடி தணிந்த பின்னரும் அயல் வீடுகளுக்குச் சுட்டு விற்றனர். விலையை எவ்வாறு கணித்தீர்கள் என்று கேட்டபோது, மா, சீனி, ஈஸ்ட், விறகு ஆகியவற்றின் செலவையே அவர்கள் கூறினர். அந்த அரைநாள் கணக்கில் இருக்கவில்லை.